தடுப்புக்காவலிலிருந்து தீர்ப்பாயம் வரை: நவநீதம் பிள்ளையின் சட்டப்பணியும் போர்க்குற்ற நீதியும்

சிட்னி மாநகரின் மேற்குப் புறநகர்களுள் ஒன்று பென்டில் ஹில். அயலிலுள்ள வென்ட்வொர்த்வில், டூங்காபி ஆகிய இடங்களோடு சேர்த்து நோக்கினால், அவுஸ்திரேலியாவில் ஈழத்தமிழர் செறிந்து வாழும் பகுதிகளுள் ஒன்றாக இது அமைந்துள்ளது. 1983ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பின் வந்தோரும், 2009ஆம் ஆண்டுப் பேரழிவுக்குப் பின் வந்தோரும் இங்கு அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கின்றனர். இவர்களிடையே மீண்டும் மீண்டும் எழும் வினா ஒன்றுண்டு: கண்ணால் கண்டவர்கள் உயிரோடு இருக்கிறார்கள், படங்களும் பதிவுகளும் இருக்கின்றன, அவ்வாறாயின் வழக்கு ஏன் இல்லை?

இவ்வினாவுக்கு அரசியல் விடைகள் பல உண்டு. சட்டத்தின் விடை சற்று வேறானது. போர்க்குற்ற வழக்கு என்பது பாதிக்கப்பட்டவர் நேரே சென்று தொடுக்கும் வழக்கன்று. அரசு ஒன்றின் பணியிலோ, அரசுகள் கூடி அமைத்த தீர்ப்பாயத்தின் பணியிலோ இருக்கும் சட்டத்தரணிகளின் கைவழியாகவே அது மன்றத்தை அடைகிறது. சாட்சியம் இருப்பது ஒன்று. அதைக் கேட்கவும் கேட்கச் செய்யவும் அதிகாரம் பெற்ற ஒருவர் மன்றத்தினுள் இருப்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவை விளங்கிக்கொள்ள, தென்னாபிரிக்கத் தமிழ்க் குடும்பமொன்றிற் பிறந்து, சட்டத்தரணி ஒருவரை மணந்து, அக்கணவருக்காக நீதிமன்றம் சென்று, பின்னர் பன்னாட்டுத் தீர்ப்பாயத்தின் நீதிபதியாக அமர்ந்த நவநீதம் பிள்ளையின் வாழ்வு பொருத்தமான சான்றாகும். நவி பிள்ளை என உலகறிந்த இவருக்கு 2025ஆம் ஆண்டுக்கான சிட்னி அமைதிப் பரிசு வழங்கப்பட்டமையால் இந்நகரத் தமிழருக்கு அவர் பெயர் அண்மையில் மேலும் நெருக்கமாயிற்று.

நூரம்பேர்க்கில் ஒரு தம்பதியர்

இரண்டாம் உலகப்போரின் பின் 1945 நவம்பர் 20ஆம் நாள் நூரம்பேர்க்கில் தொடங்கிய விசாரணையே இத்துறையின் தோற்றுவாய். அமெரிக்க வழக்குத்தொடுப்புக் குழுவில் ஹரியட் செட்டர்பேர்க் என்னும் பெண் சட்டத்தரணி இருந்தார். அவருடைய கணவர் டேனியல் மார்கோலிசும் அங்கு சட்டத்தரணியாகப் பணியாற்றினார். ஆக்கிரமிக்கப்பட்ட போலந்தின் ஆளுநராயிருந்த ஹான்ஸ் பிராங்குக்கு எதிரான வழக்கைத் தயாரித்தவர் செட்டர்பேர்க். பிராங்கின் நாட்குறிப்புத் தொகுதிகள் அவ்வழக்கின் முதன்மைச் சான்றாயின. குற்றவாளியின் சொந்தக் கையே அவருக்கெதிரான சாட்சியாயிற்று. ஆனால் 1946 ஜனவரியில் அவ்வழக்கை மன்றத்தில் எடுத்துரைத்தவர் வில்லியம் பால்ட்வின் என்னும் இராணுவ அதிகாரி. தயாரித்த பெண்ணுக்கு எழுந்து நின்று வழக்குரைக்கும் வாய்ப்பு வழங்கப்படவில்லை.

நீதிபதிகளும் அனைவரும் ஆண்களே. அம்மன்றத்தின் பட்டயத்தில் இடம்பெற்ற குற்றப்பட்டியலில் பாலியல் வன்முறை பெயர் சுட்டிக் குறிக்கப்படவில்லை என்பதை இதனோடு சேர்த்து எண்ணிப்பார்க்க வேண்டும். மன்றத்தில் யார் இருந்தார், யார் இல்லை என்பதற்கும் எது குற்றமாகக் கேட்கப்பட்டது என்பதற்கும் தொடர்பில்லை எனச் சொல்லிவிட முடியாது. அத்தொடர்பு வெளிப்படையாகத் தெரியவர அரை நூற்றாண்டு ஆயிற்று.

டர்பன்: சட்டத்தரணி மனைவி

1860 நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து புறப்பட்ட துரூரோ என்னும் கப்பல் டர்பன் துறையை அடைந்தது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழர் வரலாறு அதனோடு தொடங்குகிறது. அவ்வழிவந்த குடும்பமொன்றில், பேருந்து ஓட்டுநர் ஒருவரின் மகளாக 1941 செப்டெம்பர் 23ஆம் நாள் நவநீதம் பிறந்தார். ஆறு வயதில் அவர் கையிலிருந்த தந்தையின் ஊதியப்பணம் பறிக்கப்பட்டது. அக்குழந்தை நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல, குற்றவாளி தண்டிக்கப்பட்டார். ஆனால் பணம் திரும்பி வரவில்லை. தண்டனை வேறு, இழந்ததை மீட்பது வேறு என்பதை அவர் முதன்முதலில் அறிந்த இடம் அதுவே எனலாம். அயலவர் திரட்டிக் கொடுத்த நிதியுதவியோடு நேட்டால் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1965இல் சட்டப்பட்டம் பெற்றார். அதே ஆண்டில் கேபி பிள்ளை என்னும் சட்டத்தரணியை மணந்தார்.

வெள்ளையர் அல்லாத பெண்ணொருவரிடமிருந்து வெள்ளையின ஊழியர் பணிப்புரை பெறுவது இயலாது என்று கருதிய சட்ட நிறுவனங்கள் அவரை ஏற்கவில்லை. ஆதலால் 1967இல் சொந்தமாக அலுவலகம் திறந்தார். நேட்டால் மாகாணத்தில் அவ்வாறு செய்த, வெள்ளையர் அல்லாத முதற் பெண் அவரே. தென்னாபிரிக்காவில் அவர் தொழில் செய்த இருபத்தெட்டு ஆண்டுகளில் நீதிபதியின் அறைக்குள் நுழைய அவருக்கு ஒருமுறையேனும் இடமளிக்கப்படவில்லை.

அதே 1967இல் தென்னாபிரிக்க அரசு பயங்கரவாதச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் 6ஆம் பிரிவின்படி ஒருவரைக் கால எல்லையின்றித் தடுத்துவைத்து விசாரிக்கலாம். அத்தடுப்பின் செல்லுபடியைப் பற்றி எந்த நீதிமன்றமும் தீர்ப்புக் கூறலாகாது. தடுக்கப்பட்டவரை விடுவிக்குமாறு ஆணையிடவும் ஆகாது. உறவினருக்கோ சட்டத்தரணிக்கோ சந்திக்கும் உரிமை கிடையாது. 1979ஆம் ஆண்டின் இலங்கைப் பயங்கரவாதத் தடைச்சட்டத்தை அறிந்தோருக்கு இவ்வமைப்பு புதிதன்று. இயற்றப்பட்டபோது அச்சட்டத்தின் 10ஆம் பிரிவும் தடுப்புக்கட்டளையை எந்த நீதிமன்றத்திலும் கேள்விக்குட்படுத்தலாகாது என்றே சொல்லியிருந்தது. குற்றச்சாட்டின்றிப் பதினெட்டு மாதங்கள் வரை தடுத்துவைக்க அது இடமளித்திருந்தது.

1971இல் கேபி பிள்ளை இத்தகைய சட்டத்தின்கீழ் தடுத்துவைக்கப்பட்டார். மனைவியே சட்டத்தரணி. விடுதலை கேட்டு மன்று செல்லும் வழி சட்டத்தால் அடைக்கப்பட்டிருந்தது. நவநீதம் பிள்ளை விடுதலை கேட்கவில்லை; சட்டவிரோதமான விசாரணை முறைகளைக் கணவர்மீது கையாளக்கூடாது எனக் காவற்றுறைக்குத் தடையாணை கேட்டார். இக்கோரிக்கையின் நுட்பம் கவனிக்கத்தக்கது. தடுப்பைப் பற்றிப் பேசலாகாது எனச் சட்டம் நீதிமன்றத்தின் வாயை அடைத்திருந்தது. ஆனால் தடுக்கப்பட்டவரை அடிக்கலாம் என அதே சட்டம் எங்கும் சொல்லவில்லை. சட்டம் சொல்லாது விட்ட அந்த இடத்தில் அவர் தமது மனுவை நிறுத்தினார். வெற்றியும் பெற்றார். அரசியற் கைதிகள் வதைக்கப்படுவது இவ்வாறான வழக்குகளின் வழியாகவே வெளியுலகுக்குத் தெரியவந்தது. 1973இல் றொபன் தீவுச் சிறையிலிருந்த அரசியற் கைதிகள் சட்டத்தரணிகளைச் சந்திக்கும் உரிமையையும் அவர் பெற்றுக்கொடுத்தார். அக்கைதிகளுள் நெல்சன் மண்டேலாவும் ஒருவர்.

கணவனுக்காக அவையில் வழக்குரைக்கும் மனைவி என்றவுடன் தமிழ் படித்தோர் நெஞ்சில் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதை எழுவது இயல்பே. கண்ணகியிடம் சான்றுப்பொருள் இருந்தது. சிலம்பின் பரல் மாணிக்கமா முத்தா என்னும் ஒரே வினாவில் வழக்கு முடிந்தது. ஆனால் அவள் அவைக்கு வந்தது கோவலன் கொலையுண்ட பின்னர். தீர விசாரியாமல் ஆணையிட்ட பாண்டியன் தன் பிழையை உணர்ந்து உயிர்விட்டான், கோவலன் மீளவில்லை. டர்பனில் நிகழ்ந்தது, தீங்கு நேருமுன் அவைக்குச் சென்ற வழக்குரை. சட்டம் பயின்றமையே அந்த முந்துதலை இயலச்செய்தது. போரின் இறுதியில் இராணுவத்திடம் சரணடைந்தோரின் மனைவியர் வவுனியா மேல் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுக்களைத் தாக்கல் செய்தமையை இங்கு நினைவுகூரலாம். அவர்கள் சட்டத்தரணிகள் அல்லர். நெடுங்காலம் எங்கும் கேட்கப்படாது அலைந்த பின்னரே அம்மன்றத்தின் படியேறினர்.

அருசா: பட்டியலில் இல்லாத குற்றம்

றுவாண்டா இனப்படுகொலைக்குப் பொறுப்பானோரை விசாரிக்க, ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை 1994 நவம்பர் 8ஆம் நாள் தனது 955ஆம் தீர்மானத்தால் ஒரு தீர்ப்பாயத்தை நிறுவியது. தன்சானியாவின் அருசா நகரில் அது அமர்ந்தது. 1995இல் அதன் நீதிபதியாகத் தெரிவுசெய்யப்பட்ட நவநீதம் பிள்ளை, தொடக்க ஆண்டுகளில் அங்கிருந்த ஒரே பெண் நீதிபதி. 1999 முதல் 2003 வரை அதன் தலைவராகவும் விளங்கினார்.

தாபா என்னும் ஊராட்சிப் பிரிவின் தலைவராயிருந்த ழோன்-போல் அக்காயேசு மீதான விசாரணை 1997 ஜனவரியில் தொடங்கியது. செனகலின் லைட்டி காமா தலைமையில், சுவீடனின் லெனார்ட் அஸ்பெக்ரென், நவநீதம் பிள்ளை ஆகிய மூவர் விசாரித்தனர். குற்றப்பத்திரத்தில் பாலியல் வன்முறை பற்றி ஒரு சொல்லும் இருக்கவில்லை. வழக்குத்தொடுநர் கொலைகளை நிரூபிக்கவே சாட்சிகளை அழைத்தனர். அவர்களுள் ‘ஜே’ என்னும் எழுத்தால் மட்டும் அடையாளங்காட்டப்பட்ட பெண்ணொருவர், தம் ஆறு வயது மகளை ஆயுதக்குழுவினர் மூவர் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கியதைச் சொன்னார். நீதிபதிகள் மேலும் வினவினர். ஊராட்சி அலுவலகத்தில் இளம்பெண்களுக்கும் அவ்வாறு நிகழ்ந்ததாகத் தாம் கேள்விப்பட்டதை அப்போது அவர் கூறினார். பின்னர் வந்த ‘எச்’ என்னும் சாட்சி தமக்கு நேர்ந்ததையும், தாம் நேரில் கண்டதையும் எடுத்துரைத்தார். வழக்குத்தொடுநர் மீண்டும் புலனாய்வு செய்து, 1997 ஜூனில் குற்றப்பத்திரத்தைத் திருத்தினர்.

1998 செப்டெம்பர் 2ஆம் நாள் வெளியான தீர்ப்பு, பன்னாட்டுத் தீர்ப்பாயமொன்று இனப்படுகொலைக் குற்றத்துக்கு வழங்கிய முதல் தீர்ப்பாகும். ஓர் இனக்குழுவை அழிக்கும் நோக்கோடு செய்யப்படும் பாலியல் வன்முறை இனப்படுகொலைச் செயலாகும் என்பதையும் அதுவே முதலில் நிலைநாட்டியது. நூரம்பேர்க்கில் பெயரின்றி விடப்பட்ட குற்றம் இங்குப் பெயர் பெற்றது. சாட்சியை அழைத்தோர் எதிர்பாராத விடையை நீதிபதிகள் கடந்துசெல்லாமல் நின்று கேட்டமையே அதற்கு வழிதிறந்தது. அதை ஒரே நீதிபதியின் செயலாகக் கூறுதல் மிகையாகும். தீர்ப்பு மூவருடையது, திருத்தம் வழக்குத்தொடுநருடையது, வெளியிலிருந்து பெண்ணுரிமை அமைப்புகளும் மனு அளித்திருந்தன. எனினும் தடுப்புக்காவலில் இருப்போருக்கு நேர்வதைப் பிறர் வாய்மொழியிலிருந்து மெல்ல வெளிக்கொணர்ந்து பழகிய ஒருவர் அவ்வாயத்தில் இருந்தமையைத் தற்செயல் எனத் தள்ளிவிடலாகாது.

தமிழாய்வாளர் தனிக்கவனம் செலுத்தவேண்டிய பகுதி ஒன்று அத்தீர்ப்பில் உண்டு. சாட்சிகள் கின்யறுவாண்டா மொழியில் பேசினர். அது பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் பெயர்க்கப்பட்டது. சாட்சிகள் கையாண்ட சொற்கள் ஒன்றல்ல. குசம்பான்யா, குறுங்கோரா, குர்யாமானா, குஃபாட்டா கு ங்குஃபு எனப் பல வழக்குகள் இருந்தன. அவற்றுட் சில உடலுறவைக் குறிக்கும் பொதுச்சொற்கள், சில இடக்கரடக்கல், இறுதியானது வலிந்து கொள்ளுதலைக் குறிப்பது. மொழிபெயர்ப்பாளர் இவையனைத்தையும் ஒரே சட்டச்சொல்லால் பெயர்த்தனர். அப்பெயர்ப்பு பொருந்துமா என்பதைத் தீர்ப்பாயம் சூழலோடு வைத்து ஆராய்ந்து, காரணங் காட்டிப் பதிவுசெய்தது.

இந்நிலை தமிழுக்கும் அப்படியே பொருந்தும். ‘கெடுத்துப்போட்டாங்கள்’, ‘சீரழிச்சுப்போட்டாங்கள்’, ‘மானபங்கப்படுத்தினார்கள்’ என்றுதான் ஈழத்துத் தாய்மார் கூறுவர். சட்டம் எதிர்பார்க்கும் சொல்லை அவர்கள் வாயால் சொல்வதில்லை. அகதிக் கோரிக்கை விசாரணையில் அமரும் மொழிபெயர்ப்பாளர் ‘கெடுத்தல்’ என்பதைப் பாழாக்குதல் எனப் பெயர்த்தால் சாட்சியம் அங்கேயே மறைந்துபோகும். இதற்கு மறுதலையாகவும் ஒரு சான்றுண்டு. ‘காணாமல் போனோர்’ என்னும் பழைய வழக்கை ஈழத்துக் குடும்பங்கள் ஏற்க மறுத்தன. தாமாகப் போகவில்லை, எவரோ செய்தனர் என்பதை இலக்கணமே சொல்லவேண்டும் என்பதால் ‘வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்னும் தொடரை நிலைநிறுத்தினர். ‘போ’ என்னும் வினையை நீக்கி ‘ஆக்கப்படு’ என்னும் செயப்பாட்டு வினையை அமைத்தமையால், செய்தவர் ஒருவர் உண்டு என்பது சொல்லுக்குள்ளேயே வந்தமைந்தது. சட்டத்தரணிகள் பின்னர் கையாண்ட இத்தொடர், அவர்களுக்கு முன்பே வீதியோரக் கொட்டகைகளில் அமர்ந்திருந்த தாய்மாரின் பதாகைகளில் இருந்தது.

ஜெனீவா: கிட்டாத வாக்குகள்

பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தின் மேன்முறையீட்டுப் பிரிவில் 2003 முதல் பணியாற்றிய பின், 2008 செப்டெம்பரில் நவநீதம் பிள்ளை ஐ.நா. மனித உரிமைகள் உயர்ஸ்தானிகரானார். எட்டு மாதங்களில் முள்ளிவாய்க்கால் நிகழ்ந்தது. 2009 மே மாத இறுதியில் கூடிய மனித உரிமைகள் பேரவையின் சிறப்பமர்வில் சுயாதீன விசாரணை வேண்டும் என அவர் கேட்டார். பேரவையோ இலங்கை அரசுக்குச் சார்பான தீர்மானத்தை 29 வாக்குகளால் நிறைவேற்றியது. எதிர்த்தவை 12, வாக்களியாதவை 6. உயர்ஸ்தானிகருக்கு வாக்கு இல்லை. நீதிபதியின் இருக்கையில் இருந்து வினவும் அதிகாரம் வேறு, அலுவலகத் தலைவராக அறிக்கை விடும் அதிகாரம் வேறு என்பதைத் தமிழர் அன்று கசப்போடு அறிந்தனர்.

2013 ஆகஸ்டில் அவர் இலங்கைக்குச் சென்று வடக்கையும் பார்வையிட்டார். அவரது தமிழ் வழித்தோற்றத்தைக் காட்டி, ஐ.நா.வில் அமர்ந்த புலி என ஏசியோரும் இருந்தனர். தாம் தென்னாபிரிக்கர் என்றும் அதில் பெருமை கொள்வதாகவும் அவர் மறுமொழி சொன்னார். அதே உரையில் விடுதலைப் புலிகளையும் கடுமையாகக் கண்டித்தார். தமிழருள் ஒருசாரார்க்கு இது உவப்பாயிருக்கவில்லை. ஆனால் பிறப்பால் தமிழர் என்பதற்காக ஒருபக்கம் சாய்வார் என எதிர்பார்ப்பது, அவரைப் பழித்தோர் சொன்னதையே வேறு வாயால் சொல்வதாகும். 2014 மார்ச்சில் பேரவை தன் 25/1ஆம் தீர்மானத்தால் விசாரணைக்கு ஆணையிட்டது. அதன் அறிக்கை 2015 செப்டெம்பரில் வெளியானபோது அவர் பதவியில் இல்லை. சான்றுகளைத் திரட்டிப் பேணும் பொறிமுறை 2021ஆம் ஆண்டின் 46/1ஆம் தீர்மானத்தால் வந்தது.

அவுஸ்திரேலியச் சட்டத்தின் வாயில்

அவுஸ்திரேலியாவில் நிலைமை என்ன? பொதுநலவாயக் குற்றவியல் சட்டக்கோவையின் 268ஆம் பகுதி 2002இல் சேர்க்கப்பட்டது. இனப்படுகொலை, மானுடத்துக்கு எதிரான குற்றங்கள், போர்க்குற்றங்கள் ஆகியவற்றை உலகில் எங்கு, எவர் செய்யினும் விசாரிக்க அது இடமளிக்கிறது. ஆயினும் 268.121ஆம் பிரிவின்படி சட்டமா அதிபரின் எழுத்துமூல இசைவின்றி வழக்கைத் தொடர முடியாது.

2011 ஒக்டோபரில், பேர்த் நகரில் பொதுநலவாய அரசுத்தலைவர் மாநாடு கூடவிருந்த வேளையில், அவுஸ்திரேலியத் தமிழர் ஒருவர் மெல்பேர்ன் நீதவான் நீதிமன்றத்தில் அன்றைய இலங்கைச் சனாதிபதிக்கு எதிராக மனுத் தாக்கல் செய்தார். சட்டமா அதிபர் இசைவு மறுத்தார். பதவியிலுள்ள அரசுத்தலைவருக்குரிய விலக்குரிமை காரணமாகக் காட்டப்பட்டது. மியன்மார்த் தலைவர் ஆங் சான் சூகி தொடர்பான வேறொரு முயற்சியில், 2019 செப்டெம்பரில் உயர் நீதிமன்றம் மேலும் ஒருபடி சென்றது. இப்பகுதியின்கீழ்த் தனியார் வழக்கைத் தொடங்கவும் இயலாது என நால்வருக்கு மூவர் என்ற பெரும்பான்மையால் தீர்ப்பளித்தது. எனவே பென்டில் ஹில்லில் வாழும் சாட்சி ஒருவர் தாமாக ஒரு நீதவானிடம் செல்லும் வழி இன்று இல்லை. ஒரு நீதிபதி மட்டும் மாறியிருந்தால் நிலைமை வேறாயிருக்கும் என்பதையும் குறித்துக்கொள்ளலாம்.

அரசு விரும்பும்போது அதே பகுதி செயற்படவும் செய்கிறது. ஆப்கானித்தானில் அவுஸ்திரேலியப் படையினர் செய்ததாகக் கூறப்படும் குற்றங்களைப் புலனாய 2021இல் சிறப்புப் புலனாய்வாளர் அலுவலகம் அமைக்கப்பட்டது. 2023 மார்ச்சில் முன்னாள் படைவீரர் ஒருவர்மீது போர்க்குற்றக் கொலைக் குற்றச்சாட்டுப் பதிவாயிற்று. அதற்குத் தேவைப்பட்டவை அரசுப்பணிச் சட்டத்தரணிகள், புலனாய்வாளர்கள், நிதி, அரசின் முடிவு ஆகியவை. இவற்றுள் எதுவும் சமூக அமைப்பொன்றால் திரட்டக்கூடியதன்று.

திரட்டக்கூடியது வேறொன்று. சிட்னியிலுள்ள பொதுநலச் சட்ட மையம், சட்டத்தரணிகளையும் முன்னாள் புலனாய்வாளர்களையும் கொண்டு இலங்கைப் போரின் இறுதிக்கட்டம் பற்றிய சான்றுகளைத் தொகுத்து 2014 பெப்ரவரியில் அறிக்கையாக வெளியிட்டது. வழக்குத்தொடுநர் கையில் எடுத்தால் உடனே பயன்படுத்தத்தக்க வடிவில் வாக்குமூலங்களைப் பதிவுசெய்தலே இத்தகைய பணியின் உயிர்நாடி. சொன்னவர் பயன்படுத்திய தமிழ்ச் சொல் எது, அதைப் பெயர்த்தவர் யார், எந்நாளில் எவர் முன்னிலையில் கையொப்பமிடப்பட்டது என்பன அதில் இருத்தல் வேண்டும். மொழிபெயர்ப்பை மட்டும் வைத்துக்கொண்டு மூலத் தமிழை விட்டுவிட்ட வாக்குமூலங்கள், அக்காயேசு வழக்கில் நிகழ்ந்தது போன்ற சொல்லாராய்ச்சிக்கு இடந்தரா. சிட்னியில் தமிழ் பயிற்றும் நிறுவனங்களும் பட்டம்பெற்ற மொழிபெயர்ப்பாளர்களும் பங்களிக்கக்கூடிய இடம் இதுவாகும். வட்டாரப் பேச்சுவழக்கை அறிந்தோர் முதுமையடைவதற்குள் அப்பங்களிப்பு நிகழ்தல் வேண்டும்.

268ஆம் பகுதியிலுள்ள குற்றங்களுக்குக் காலவரையறை கிடையாது. ஒருமுறை மறுக்கப்பட்ட இசைவை மற்றொரு சட்டமா அதிபரிடம், வேறொரு நபர் தொடர்பில், மீண்டும் கேட்பதையும் சட்டம் தடுக்கவில்லை. பதவியிலிருப்போருக்குரிய விலக்குரிமை, பதவி நீங்கியோருக்கு அதே அளவில் நீள்வதில்லை.